கோழி வெந்துதா எண்டு கண்ணும் மூக்கும் சொல்லாது

திருகோணமலை ஆக்களுக்கு மீன் நல்லதா பழுதா எண்டு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. செவுளைத் தூக்கிப் பாப்பம், கண்ணைப் பாப்பம், விரலால அமத்திப் பாப்பம், மணந்து பாப்பம், அந்த இடத்திலயே முடிவு சொல்லிருவம். பிரச்சினை என்னெண்டா அதே பழக்கத்தோடதான் கோழிக்கும் போறம், மணமில்லை, வழுவழுப்பு இல்லை, நிறமும் வடிவா இருக்கு, அப்ப நல்ல கோழி எண்டு நினைச்சுக்கொண்டு வீட்டுக்குக் கொண்டு வாறம். ஆனா கோழியில இருந்து மனுசரை வருத்தமாக்கிற கிருமிக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, ருசியும் இல்லை. இறைச்சியை மணக்க வைக்கிற கிருமி வேற கூட்டம், வயித்தைக் கலக்கிற கிருமி வேற கூட்டம். காலமை வெட்டின, இன்னும் சூடு ஆறாத கோழியிலயும் அந்த ரெண்டாவது கூட்டம் இருக்கலாம்.

அந்தக் கூட்டத்தில ரெண்டு பேரைத் தெரிஞ்சு வச்சாக் காணும். ஒண்டு சால்மொனெல்லா, மற்றது காம்பிலோபாக்டர். சால்மொனெல்லா பழைய ஆள், 1885லயே கண்டுபிடிச்சிட்டாங்கள், டானியல் சால்மன் எண்ட அமெரிக்க மிருக வைத்தியரின்ட பேர்தான் அதுக்கு வச்சது. காம்பிலோபாக்டரை வயித்தோட்டத்துக்குப் பெரிய காரணம் எண்டு உலகம் கவனிச்சது 1977ல பிரிட்டன்ல மார்ட்டின் ஸ்கிரோ எண்ட டொக்டர் எழுதின கட்டுரைக்குப் பிறகுதான். அதால எங்கட அம்மம்மா காலத்து ஆக்களுக்கு இதின்ட பேர்கூடத் தெரிஞ்சிருக்காது, கிருமி மட்டும் அப்பயும் இருந்திருக்கும்.

இந்தக் கிருமி இருக்கிற கோழிக்கு வருத்தம் ஒண்டும் தெரியாது, இதை முதல்ல விளங்கிக்கொள்ளுங்க. கோழியின்ட உடம்புச் சூடு 41, 42 டிகிரி, காம்பிலோபாக்டர் நல்லாப் பெருகிறதும் அந்தச் சூட்டிலதான், அதால கோழிக்குடல் அதுக்குச் சொந்த வீடு. கோழி ஓடித்திரியும், தீன் தின்னும், பாத்தா நல்ல கொழுத்த கோழி. வெட்டேக்க குடலில இருக்கிறது தோலுக்கும் இறைச்சிக்கும் பரவும், சுடுதண்ணியில அமத்தேக்க, இறகு பிடுங்கிற மிசினுக்குள்ள போடேக்க ஒரு கோழியில இருந்து அடுத்த கோழிக்கும் ஒட்டும். கனபேர் புரொய்லர் கோழிக்குத்தான் இதெல்லாம், ஊர்க்கோழிக்கு ஒண்டும் இல்லை எண்டு நம்பிக்கொண்டிருக்கினம். அது பிழை. வளவுக்குள்ள மேய்ஞ்சு திரியிற கோழியின்ட குடலிலயும் இதே கிருமிகள் இருக்கும், காகம் குருவி எச்சத்தில இருந்தும் எலியில இருந்தும் அதுகளுக்கு வரும். ஊர்க்கோழி ருசிதான், அதில வாதமே இல்லை, ஆனா வேக வைக்கிற விசயத்தில ரெண்டுக்கும் ஒரே சட்டம்.

சாப்பிட்டா என்ன நடக்கும்? வயித்தோட்டம், வயித்துக்குத்து, காய்ச்சல், சிலருக்கு சத்தி. காம்பிலோபாக்டர் எண்டா மலத்தோட ரத்தமும் போகலாம், குத்து எண்டா சும்மா குத்து இல்லை, ஆளைச் சுருட்டிப் போட்டிரும். அந்தக் கிருமிக்கு ஆளை விழுத்த லட்சக்கணக்கில தேவையும் இல்லை, ஒரு சில நூறு உள்ள போனாலே காணும், அது கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி இறைச்சித் தண்ணிக்குள்ள தாராளமா இருக்கும்.

இதில ஆக்கள் பெரும்பாலும் பிழைவிடுற இடம், வருத்தம் எப்ப தொடங்கும் எண்ட கணக்கு. சால்மொனெல்லா 6 மணித்தியாலத்திலயும் தொடங்கலாம், 6 நாள் செண்டும் தொடங்கலாம். காம்பிலோபாக்டருக்கு பெரும்பாலும் 2 தொடக்கம் 5 நாள் எடுக்கும். இப்ப யோசிச்சுப் பாருங்க, ஞாயிற்றுக்கிழமை வீட்டில கோழி, எல்லாரும் கூடியிருந்து சாப்பிடுறம், செவ்வாய் புதன்ல ஒராளுக்கு வயிறு கலங்குது, அப்ப திங்கக்கிழமை கடையில வாங்கின பார்சலைத்தான் சொல்லுவம். இன்னும் பிந்தி வெள்ளிக்கிழமை தொடங்கினா, அண்டைக்கு வீட்டில மச்சமே இல்லை, பருப்பும் கத்தரிக்காயும்தான், பாவம் அந்தக் கத்தரிக்காயில பழி விழும். ஞாயிற்றுக்கிழமைக் கோழியை ஒருத்தரும் நினைக்கமாட்டினம். "நாங்க எத்தினை வருசமா இப்பிடித்தான் சமைக்கிறம், ஒண்டும் வந்ததில்லை" எண்டு சொல்லுறவை கனபேருக்கு வந்திருக்கும், ஆனா எதால வந்தது எண்டு தெரிஞ்சிருக்காது.

கனபேருக்கு ஒரு கிழமைக்குள்ள தானா மாறிரும். ஆனா சின்னப்பிள்ளை, வயசாளி, வயித்தில பிள்ளை இருக்கிறவை, சீனி வருத்தக்காரர், கிட்னி வருத்தக்காரர், இவைக்கு இது சும்மா வயித்தோட்டமா நிக்காது, சால்மொனெல்லா ரத்தத்துக்குள்ள போனா உயிராபத்து வரைக்கும் போகலாம். காம்பிலோபாக்டர் வந்தவையில ஆயிரம் பேரில ஒராளுக்குக் கிட்ட, ஒண்டு ரெண்டு கிழமை கழிச்சு, கில்லன் பாரே எண்டு ஒரு நரம்பு வருத்தம் வாறதுண்டு, காலில பலக்குறைவு தொடங்கி மேல ஏறும், சிலருக்கு மூச்செடுக்கவே ஏலாமப் போகும். பயப்படுத்த எழுதேல்லை, ஆயிரத்தில ஒண்டு குறைவுதான், ஆனா கோழி சாப்பிடுற சனம் எத்தினை எண்டு யோசிச்சா அது சின்ன எண்ணிக்கை இல்லை.

சரி, இப்ப நல்ல செய்தி. இந்தக் கிருமி எல்லாம் சூட்டுக்கு நிக்காது. கோழியின்ட உள்பக்கம், அதுவும் ஆகத் தடிச்ச இடம், 74 டிகிரிக்கு வந்துதெண்டா அந்தச் செக்கனே ரெண்டும் செத்துப்போகும். 70 டிகிரியில ரெண்டு நிமிசம் நிண்டாலும் அதே பலன். எங்கட கோழிக்கறியை எடுங்க, சின்னச்சின்னத் துண்டா வெட்டி, மசாலாவில பிரட்டி, பால் விட்டு, அரை முக்கால் மணித்தியாலம் கொதிக்க விடுறம், கொதிக்கிற தண்ணி 100 டிகிரி. எலும்புக்குள்ள வரைக்கும் சூடு போயிரும். பிரஷர் குக்கர் எண்டா இன்னும் மேல, 120க்குக் கிட்டப் போகும். அதால கறிச்சட்டிக்குள்ள பயம் இல்லை. இதை நான் திரும்பத்திரும்ப சொல்லுவன், ஏனெண்டா இந்த விசயத்தைப் பற்றி வாசிச்சிட்டு கோழிக்கறியே வேண்டாம் எண்டு வெருளுற ஆக்கள் இருக்கினம், அது தேவையில்லாத பயம்.

பயம் இருக்கிறது கறி இல்லாத இடத்தில. பொரிச்ச கோழிக்கால், நெருப்பில சுடுறது, தந்தூரி, முழுக்கோழியா ஓவனுக்குள்ள வைக்கிறது, அவசரத்தில தாச்சியில ரெண்டு பிரட்டுப் பிரட்டி எடுக்கிற டெவில். இங்கெல்லாம் வெளிப்பக்கம் ஒரு கதை சொல்லும், உள்பக்கம் வேற கதை சொல்லும். கோழிக்காலை எடுத்துப் பாருங்க. மேல தோல் மொறுமொறு எண்டு கபில நிறத்தில இருக்கும், மிளகாய்த்தூள் கருகின வாசம் வேற வரும், பசியில நிக்கிற ஆளுக்கு அது வெந்து முடிஞ்ச சாமான். அதை காலும் தொடையும் சேருற மூட்டில கத்தியால பிளந்து பாருங்க, எலும்போட ஒட்டின இடத்தில இறைச்சி கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டு, இழை பிரியாம, இழுத்தா ரப்பர் மாதிரி நீண்டு வந்தா அது வேகேல்லை. வெந்த இறைச்சி மினுங்காது, இழை இழையா எலும்பை விட்டு வரும். நெஞ்சுத்துண்டைப் பாத்து முடிவெடுக்காதீங்க, அது சுறுக்கா வெந்திரும், பாக்கவேண்டிய இடம் அந்த மூட்டும் எலும்போரமும்தான். ஃப்ரீசரில இருந்து எடுத்து முழுசா உருகாமப் பொரிச்சா இந்தப் பிரச்சினை இன்னும் கூட, நடுவில ஐஸ் இருக்கும், வெளியில கருகும்.

அதோட சிவப்பு நிறம் பற்றி ஒண்டு சொல்லோணும், இதில ரெண்டு பக்கமும் பிழைவிடுறம். புரொய்லர் அஞ்சு ஆறு கிழமையில வெட்டுற குஞ்சு வயசுக் கோழி, எலும்பு இன்னும் நல்லா இறுகியிராது, எலும்புக்குள்ள இருக்கிற மச்சையின்ட நிறம் வெளியில கசியும், ஃப்ரீஸ் பண்ணின கோழியில இது இன்னும் கூட. அதால நல்லா வெந்த கோழியிலயும் எலும்போரம் சிவப்பா, சிலநேரம் கறுப்பாக்கூட இருக்கும். அது பழுதில்லை. மறுபக்கம், வெள்ளையாப் போன இறைச்சி எல்லாம் 74 தொட்டது எண்டும் இல்லை, அதுக்கு முன்னமே வெள்ளையாப் போயிரும். அப்ப நிறத்தை நம்பேலாது. இறைச்சிக்குள்ள குத்திப் பாக்கிற தெர்மோமீட்டர் இப்ப ஒன்லைன்ல வாங்கலாம், கடை வச்சிருக்கிறவை, கெஸ்ட் ஹவுஸ் நடத்துறவை, அடிக்கடி பார்பிக்யூ போடுறவை கட்டாயம் ஒண்டு வாங்கி வைக்கோணும் எண்டுதான் நான் சொல்லுவன். எலும்பில முட்டாம தடிச்ச இடத்தில குத்தோணும். வீட்டில அது இல்லாட்டி, சுடுறதுக்கு முன்னம் காலில எலும்பு வரைக்கும் ரெண்டு மூண்டு இடத்தில ஆழமாக் கீறி விடுங்க, மசாலாவும் இறங்கும் சூடும் இறங்கும்.

கோழி ஈரலும் இந்தக் கணக்கில வரும். ஈரல் கல்லாகிப் போகும் எண்டு பயந்து நடுப்பக்கம் மெத்தையா இருக்க இறக்கிறவை இருக்கினம். ஈரலுக்கு வெளியில மட்டும் இல்லை, உள்ளுக்கும் காம்பிலோபாக்டர் இருக்கலாம், அதால நடுவில சிவப்பு ஈரம் இல்லாம வேகோணும். முட்டையும் அப்பிடித்தான், சால்மொனெல்லா கோதுக்குள்ளயே இருக்கலாம், சின்னப்பிள்ளைக்கும் வயித்தில பிள்ளையோட இருக்கிறவைக்கும் ஆஃப் பொயில் குடுக்காதீங்க.

இனி குசினிக்கு வருவம். வேகாத கோழியைச் சாப்பிட்டு வாறதை விட வேகாத கோழி தொட்ட வேற சாமானைச் சாப்பிட்டு வாறதைத்தான் நான் கூடப் பயப்படுவன், ஏனெண்டா கறி கொதிக்கும், சம்பல் கொதிக்காது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எங்கட குசினிகளில நடக்கிறதைப் பாருங்க. கோழியை பைப்புக்குக் கீழ பிடிச்சு தண்ணியை நல்லாத் திறந்து விட்டுக் கழுவுறம், அந்தத் தண்ணி தெறிச்சு பக்கத்தில கவிட்டு வச்சிருக்கிற கோப்பை, கறிவேப்பிலை, கழுவி வச்ச தக்காளி எல்லாத்திலயும் விழும், கண்ணுக்குத் தெரியாத துளி ஒரு முழத்துக்கு மேலயும் போகும். பிறகு பலகையில வெட்டுறம், பலகையை சும்மா தண்ணியில ஒரு அலசு, அதே கத்தியால வெங்காயம், பச்சை மிளகாய், வெள்ளரிக்காய் வெட்டி சலாது போடுறம். கோழிக்கறியில இருந்தது எல்லாம் சட்டிக்குள்ள செத்துப்போச்சு, சலாதுக்குள்ள இருக்கிறது உயிரோட மேசைக்கு வருது.

மஞ்சளும் தேசிக்காயும் போட்டுக் கழுவினா கிருமி போயிரும் எண்டு நம்புறம். வெடுக்கு போகும், கிருமி போகாது. கழுவாம சமைக்கிறதுதான் ஆகப் பாதுகாப்பு எண்டு பிரிட்டன், அமெரிக்கா எல்லாம் சொல்லுது, அது சரிதான், சூடு செய்யிற வேலையை தண்ணி செய்யாது. ஆனா எங்கட ஆக்களிட்ட கோழியைக் கழுவாதீங்க எண்டு சொன்னா ஆரும் கேக்கப்போறதில்லை, இறகுக்குருத்து, ரத்தம், ஈரல் துண்டெல்லாம் ஒட்டிக்கொண்டு வாற கோழியை அப்பிடியே சட்டியில போட மனம் வராது. அப்ப ஒரு பெரிய சட்டியில தண்ணி எடுத்து அதுக்குள்ள கோழியை அமத்தி மெதுவாக் கழுவுங்க, பைப்பைத் திறந்து விடாதீங்க, அந்தத் தண்ணியைத் தெறிக்காம ஊத்துங்க, பக்கத்தில இருக்கிற பாத்திரம் பண்டத்தை முதல்லயே அகற்றி வையுங்க. முடிய சவுக்காரம் போட்டு சிங்கையும் பலகையையும் கத்தியையும் கையையும் கழுவுங்க, கையை ஒரு இருவது செக்கன் எண்டாலும். இன்னும் லேசான வழி ஒண்டு இருக்கு, சலாது, சம்பலுக்கு வெட்டவேண்டியதை எல்லாம் முதல்ல வெட்டி மூடி வச்சிட்டு, கடைசியாக் கோழியில கைவைக்கிறது. காசும் இல்லை, கரைச்சலும் இல்லை.

பிறகு எங்கட ஊர் வெக்கை. கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில மத்தியானத்தில 34, 35 டிகிரி சாதாரணம். 5க்கும் 60க்கும் இடையில இருக்கிற சூட்டிலதான் சாப்பாட்டில கிருமி பெருகும், எங்கட குசினி மேசை அதுக்குள்ள நல்ல நடு இடம். சால்மொனெல்லாவுக்கு எங்கட மத்தியானம் நல்லாப் பிடிக்கும். சாதாரணமா இறைச்சியை வெளியில ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல வைக்காதீங்க எண்டு சொல்லுவினம், 32 டிகிரிக்கு மேல வெக்கை எண்டா அது ஒரு மணித்தியாலம். அப்ப காலமை வேலைக்குப் போகேக்க ஃப்ரோசன் கோழியை சிங்குக்குள்ள உருக வச்சிட்டுப் போறது சரிவராது, பின்னேரம் வரேக்க நடுவில ஐஸ் இருந்தாலும் வெளித்தோல் எத்தினையோ மணித்தியாலம் வெக்கையில நிண்டிருக்கும். ஃப்ரீசர் கிருமியைக் கொல்லும் எண்டும் நினைக்காதீங்க, நித்திரையாக்கும், அவ்வளவுதான். முதல் நாள் ராவே ஃபிரிட்ஜின்ட கீழ்த்தட்டில இறக்கி வையுங்க, முழுக்கோழி உருக ஒரு நாள் எடுக்கும். சொப்பிங் பேக்கோட சும்மா வைக்காம ஒரு கோப்பைக்குள்ள வையுங்க, அந்தப் பையின்ட மூலையால சிவப்புத் தண்ணி சொட்டுச் சொட்டா இறங்கி கீழ இருக்கிற கொத்தமல்லிக்கட்டில விழுறதை ஆரும் கவனிக்கிறதில்லை. அவசரம் எண்டா நல்லாக் கட்டின பைக்குள்ள போட்டு பச்சத்தண்ணியில அமத்தி, அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா தண்ணியை மாத்துங்க.

நிலாவெளி, உப்புவெளி, மார்பிள் பீச் எண்டு குடும்பமாப் போய் கோழி சுடுறவைக்கும் இதேதான். மீனை ஐஸ் இல்லாம ஏத்தினா எங்கட ஊரில ஆரும் விடமாட்டினம், ஆனா மசாலா பிரட்டின கோழியை வாளிக்குள்ள போட்டு ஆட்டோவில மடியில வச்சுக்கொண்டு போவம், அங்க போய் குளிச்சு, படம் எடுத்து, பிறகுதான் நெருப்பு மூட்டுவம். ஒரு ரெஜிபோம் பெட்டியில ஐஸ் போட்டுக் கொண்டு போங்க, இந்த ஊரில ஐஸுக்கா பஞ்சம். சுட்டு முடிய, பச்சைக்கோழி இருந்த அதே கோப்பையில திருப்பி வைக்காதீங்க, பச்சைக்கோழி தூக்கின இடுக்கியால வெந்ததைத் தூக்காதீங்க, மிஞ்சின மசாலாத் தண்ணியை வெந்த கோழிக்கு மேல பூசாதீங்க. இந்த மூண்டும்தான் கடற்கரையில நான் ஆகக் கூடக் காணுற பிழை, அதுவும் நல்லா வடிவா வெந்த கோழியிலயே.

கரண்ட் கட் ஆனா என்ன செய்யிறது? 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாம இருந்த காலம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஃபிரிட்ஜைத் திறக்காம வச்சா 4 மணித்தியாலம் குளிர் நிக்கும், நிறைஞ்ச ஃப்ரீசர் எண்டா 48 மணித்தியாலம், பாதி எண்டா 24. கோழியில இன்னும் ஐஸ் கட்டி இருந்தா திருப்பி ஃப்ரீஸ் பண்ணலாம். முழுசா உருகி கையில சூடாப் பட்டா, விலை நினைச்சா வயிறு எரியும்தான், எண்டாலும் எறியோணும்.

சமைச்ச பிறகு வாற ஆள் ஒருத்தர் இருக்கிறார், குளொஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ். இவர் கொதிச்சாலும் சாகமாட்டார், வித்து மாதிரி சுருண்டு படுத்திருப்பார், சட்டி ஆறி இளஞ்சூட்டுக்கு வரேக்க எழும்பி, பத்துப் பதினைஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா இரட்டிச்சுக்கொண்டு போவார். பெரிய சட்டியில புரியாணி, கறி ஆக்குற இடங்களில இதுதான் பிரச்சினை. சுடச்சுட சஹன் எண்ட பெரிய தட்டில வச்சுச் சாப்பிட்டவைக்கு ஒண்டும் வராது, அதே சட்டியை மூடி ராமுழுக்க அடுப்படியில வச்சு அடுத்த நாள் சாப்பிட்டவைக்கு 6 தொடக்கம் 24 மணித்தியாலத்துக்குள்ள வயிறு முறுக்கும். மிச்சக்கறியை அகலமான சின்னப் பாத்திரங்களுக்குப் பிரிச்சு, கெதியா ஆறவிட்டு ஃபிரிட்ஜில வையுங்க, திருப்பிச் சூடாக்கேக்க ஓரம் மட்டும் பொங்கினா காணாது, நடு வரைக்கும் கொதிக்கோணும்.

இவ்வளவு கவனிச்சும் வந்திட்டா, முதல் வேலை உடம்பில தண்ணி குறையாமப் பாக்கிறது. ஜீவனி எண்ட உப்பு-சீனிக் கரைசல் தூள் வாங்கி பையில எழுதியிருக்கிற அளவு தண்ணியில கரைச்சு கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க, அது இல்லாட்டி கொதிச்சாறின ஒரு லீட்டர் தண்ணிக்கு 6 மட்டத் தேக்கரண்டி சீனி, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு, அளவு கூடக்கூடாது. கஞ்சி, இளநீர் குடுக்கலாம், ஆனா ஜீவனிக்குப் பதிலா இல்லை. காய்ச்சல் இருந்தா, மலத்தில ரத்தம் கண்டா, வயித்தோட்டத்தை நிப்பாட்டுற குளிசை போடாதீங்க. போன முறை மிஞ்சின அன்ரிபயோடிக்கையும் எடுக்காதீங்க, சாதாரண சால்மொனெல்லாவுக்கு அது உதவாது, கிருமி குடலில இன்னும் கனநாள் தங்கத்தான் வழி செய்யும். ரத்தம் போனா, காய்ச்சல் 39க்கு மேல நிண்டா, மூத்திரம் குறைஞ்சா, பிள்ளை கண்ணீர் இல்லாம அழுதா, கண் குழி விழுந்தா, நாள் பாக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, எழும்பேலாத ஆள் எண்டா 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் காசில்லாம வரும். சின்னப்பிள்ளைக்கும் வயித்தில பிள்ளையோட இருக்கிறவைக்கும் இதில ஒண்டும் வரும்வரை பாத்திருக்கத் தேவையில்லை, முதல் நாளே காட்டுங்க.

டொக்டரிட்ட போனா நேற்றுச் சாப்பிட்டதை மட்டும் சொல்லாதீங்க, ஒரு கிழமைக்குப் பின்னால போய், எங்க என்ன கோழி சாப்பிட்டது, கூடச் சாப்பிட்ட ஆருக்காவது இருக்கா எண்டும் சொல்லுங்க. உணவு நஞ்சாதல் எங்கட நாட்டில அறிவிக்கவேண்டிய நோய், டொக்டர் அறிவிச்சா அந்த ஏரியா பீஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து விசாரிப்பார். ஒரே சாப்பாட்டில ரெண்டு மூண்டு பேர் விழுந்தா நீங்களே பீஎச்ஐக்குச் சொல்லலாம், மிச்சம் இருந்தா எறியாம பையில கட்டி, சாப்பிடக்கூடாது எண்டு எழுதி ஃபிரிட்ஜில வையுங்க, சோதிச்சுப் பாக்க அது தேவைப்படும்.